ஊன்றாமல், நோகாமல், உடையாமல்: ‘ஜிஞ்சர்லி’ பற்றி வாசகர் கேள்விகள்

‘ஜிஞ்சர்லி’ என்ற ஆங்கில வினையடை பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரு செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் சொல் இது. அகராதியில் ஒரு வரிதான் இருக்கும். ஆனால் எழுதும்போதும் மொழிபெயர்க்கும்போதும் பலர் தடுமாறும் இடம்.

ஆங்கிலக் கதை ஒன்றில் ‘ஷி ஸாட் டவுன் ஜிஞ்சர்லி’ என்று படித்தேன். இஞ்சி தின்றதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று பொருளா?

இல்லை. முகத்துக்கும் இஞ்சிக்கும் இங்கே வேலையே இல்லை. இடுப்பிலோ முதுகிலோ வலி இருக்கிறது. உடம்பின் பாரத்தை ஒரேயடியாக இறக்கினால் சுரீர் என்று பிடித்துக்கொள்ளும். அதனால் கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தாள் என்பதுதான் பொருள். வலியே இல்லாமல் நாற்காலியின் கால் ஆடிக்கொண்டிருந்தாலும் இதே வாக்கியம் பொருந்தும். முறிந்துவிடுமோ என்ற பயத்தில் பட்டும் படாமலும் உட்கார்ந்தாள் என்று கொள்ளலாம். இரண்டில் எது என்பதை முன்பின் வரும் வரிகள் சொல்லும்.

இந்தச் சொல் சரியாக அமைய மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது, உடம்பு எதையாவது தொடவோ மிதிக்கவோ தூக்கவோ வேண்டும். இரண்டாவது, கெட்ட விளைவு ஒன்று மனத்தில் இருக்க வேண்டும்: வலிக்கும், உடையும், சுடும், கடிக்கும், சத்தம் கேட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும், கையில் அழுக்கு ஒட்டும். மூன்றாவது, அந்தப் பயத்தால் செயலின் விசை குறைந்திருக்க வேண்டும். செத்த எலியை வால் நுனியில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்குகிறவரை நினைத்துப் பாருங்கள். அங்கே வலியும் இல்லை, ஆபத்தும் இல்லை. அருவருப்பு மட்டும்தான். அதுவும் ‘ஜிஞ்சர்லி’தான்.

‘கேர்ஃபுல்லி’, ‘ஸ்லோலி’, ‘ஜென்ட்லி’ எல்லாம் இருக்கும்போது இது எதற்கு? எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஒவ்வொன்றும் வேறொன்றைக் காட்டுகிறது.

‘கேர்ஃபுல்லி’ கவனத்தைச் சொல்கிறது. தவறு நேரக் கூடாது என்ற எண்ணம் இருந்தால் போதும், பயம் தேவையில்லை. பணத்தைக் கவனமாக எண்ணலாம், கேள்வித்தாளைக் கவனமாகப் படிக்கலாம். இந்த இரண்டு இடத்திலும் ‘ஜிஞ்சர்லி’ போட்டால் வாக்கியம் கோணிப்போகும். எண்ணுவதிலும் படிப்பதிலும் குறைக்க வேண்டிய உடல்விசை எதுவும் இல்லை.

‘ஸ்லோலி’ வேகத்தை மட்டும் சொல்கிறது. ‘ஜிஞ்சர்லி’ செய்யும் செயல் பெரும்பாலும் மெதுவாக இருக்கும் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனால் மெதுவாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. சூடாகிவிட்டதா என்று பார்க்க இஸ்திரிப் பெட்டியை விரல் நுனியால் தொட்டு வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அது நொடியில் முடிந்துவிடும் செயல். அதையும் ‘ஜிஞ்சர்லி’ என்று சொல்லலாம். அளவுகோல் நேரம் அல்ல, தொடுகையின் அழுத்தம்.

‘ஜென்ட்லி’ என்பதில் கனிவு இருக்கிறது. தாய் குழந்தையின் தலையைக் கோதுவது ‘ஜென்ட்லி’. அதே தாய் குழந்தையின் முழங்கால் காயத்தில் ஒட்டிய துணியைப் பிரிக்கும்போது, பிள்ளை வீரிட்டு அழுமோ என்று கை தயங்குகிறது பாருங்கள், அது ‘ஜிஞ்சர்லி’.

‘டெலிகேட்லி’ என்பதில் கைத்தேர்ச்சி தெரியும். நன்கு பழகிய கை நுட்பமாகச் செய்வதை அப்படிச் சொல்லலாம். முதன்முதலாகச் செய்கிறவரின் கை ‘ஜிஞ்சர்லி’ நகரும். தேர்ந்த கைவினைஞர் மெல்லிய கண்ணாடியை எடுத்து வைக்கும் காட்சியில் ‘ஜிஞ்சர்லி’ போட்டால், அவருக்குத் தன் கையில் நம்பிக்கை இல்லை என்ற பொருள் வந்துவிடும். கதை எழுதுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

‘காஷஸ்லி’ பெரும்பாலும் முடிவெடுக்கும் அறிவைச் சேர்ந்தது. அதனால்தான் ‘காஷஸ்லி ஆப்டிமிஸ்டிக்’ என்ற வழக்கு உண்டு. நம்பிக்கை இருக்கிறது, ஆனால் அளவோடு என்று பொருள். அங்கே ‘ஜிஞ்சர்லி ஆப்டிமிஸ்டிக்’ என்று எழுத முடியாது. ‘ஜிஞ்சர்லி’க்கு எப்போதும் ஒரு செயல் வேண்டும். மனநிலையைச் சொல்லும் பெயரடைக்கு முன்னால் அது நிற்காது.

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ‘ஜிஞ்சர்லி’க்குத் தமிழில் ஒரே சொல் எது? ‘ஜாக்கிரதையாக’ என்றே எங்கும் போட்டுவருகிறேன்; உயிரில்லாமல் இருக்கிறது.

ஒரே சொல்லைத் தேடுவதால்தான் உயிர் போகிறது. ‘கவனமாக’, ‘எச்சரிக்கையாக’, ‘ஜாக்கிரதையாக’ மூன்றும் பயத்தின் பெயரைச் சொல்கின்றனவே தவிர, எதற்குப் பயம் என்று சொல்வதில்லை. தமிழில் அதைச் சொல்ல அருமையான கருவி ஒன்று இருக்கிறது: எதிர்மறை வினையெச்சம். ‘-ஆமல்’ என்று முடியுமே, அதுதான்.

செய்ய வேண்டியது இவ்வளவே. வாக்கியத்தைப் படித்துவிட்டு, “இந்த ஆள் என்ன ஆகிவிடும் என்று அஞ்சுகிறார்?” என்று கேளுங்கள். வரும் விடையை ‘-ஆமல்’ வடிவில் வினைக்கு முன்னால் வையுங்கள்.

சுளுக்கிய காலோடு ஒருவர் நடக்கிறார் என்றால் ‘காலை முழுதும் ஊன்றாமல் நடந்தார்’. முட்டைக் கூடையைத் தூக்குகிறார் என்றால் ‘அலுங்காமல் குலுங்காமல் தூக்கினார்’. தூங்கும் குழந்தையின் அறைக் கதவைத் திறக்கிறார் என்றால் ‘ஓசைப்படாமல் கதவைத் திறந்தார்’. வீங்கிய கன்னத்தைத் தடவிப் பார்க்கிறார் என்றால் ‘நோகாமல் தொட்டுப் பார்த்தார்’. விளிம்புவரை ததும்பும் கோப்பையைக் கொண்டுவருகிறார் என்றால் ‘சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்தார்’. ஆங்கிலத்தில் ஐந்து இடத்திலும் ஒரே ‘ஜிஞ்சர்லி’. தமிழில் ஐந்து வேறு சொற்கள். ஒவ்வொன்றும் காட்சியைக் கண்முன் நிறுத்துகிறது.

பயம் எதனால் என்பது மூலத்தில் தெளிவாக இல்லையென்றால் வேறு வழிகள் உண்டு. ‘பட்டும் படாமலும்’, ‘தொட்டும் தொடாமலும்’ என்ற இணைகள் எதற்கும் ஒத்துவரும். நடையைச் சொல்ல ‘அடிமேல் அடி வைத்து’ என்பது பொருந்தும். தயக்கம் மேலோங்கி நின்றால் ‘தயங்கித் தயங்கி’, பயம் வெளிப்படையாகத் தெரிந்தால் ‘பயந்து பயந்து’. பேச்சுநடைக் கதையில் ‘சூதானமாக’ நன்றாக உட்காரும். அருவருப்புக்கு மட்டும் ‘விரல் நுனியால்’ என்று உறுப்பையே சொல்லிவிடுவது நல்லது. ‘-ஆமல்’ வடிவம் அங்கே அவ்வளவு எளிதில் கிடைக்காது.

எல்லா இடத்திலும் இரட்டை அடுக்கு போடாதீர்கள். ‘அலுங்காமல் குலுங்காமல்’ ஒரு பக்கத்தில் ஒருமுறை வந்தால் அழகு. அடுத்த பத்தியிலும் வந்தால் வாசகர் சொல்லைப் பார்ப்பாரே தவிர காட்சியைப் பார்க்க மாட்டார்.

‘பைய’ என்ற பழைய சொல்லை இதற்குப் பயன்படுத்தலாமா?

பாதி இடங்களில் பயன்படுத்தலாம். ‘பைய’ மென்மையையும் நிதானத்தையும் சொல்கிறது. அச்சம் அதன் உள்ளே இல்லை. 1098-ஆம் குறளில் ‘பசையினள் பைய நகும்’ என்று வருகிறது. தன்னைப் பார்க்கும் காதலனிடம் நெகிழ்ந்து மெல்லச் சிரிக்கிறாள். இதை ‘ஜிஞ்சர்லி’ என்று ஆங்கிலப்படுத்தினால், உதட்டில் புண் இருப்பதுபோல் சிரித்தாள் என்று ஆகிவிடும். அங்கே ‘ஜென்ட்லி’ அல்லது ‘ஸாஃப்ட்லி’தான் வர வேண்டும். மறுதிசையில், ‘வழுக்குப் பாறையில் பையப் பைய இறங்கினார்’ என்று எழுதினால் அச்சத்தைப் பாறை தந்துவிடுகிறது. அங்கே ‘பையப் பைய’ முழுப் பொருளையும் தாங்கும்.

உச்சரிப்பு? எங்கள் வகுப்பில் சிலர் ‘கிங்கர்லி’ என்கிறார்கள்.

‘ஜிஞ்சர்லி’ என்பதே சரி. ‘ஃபிங்கர்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பழகியதால் வரும் பிழை அது. முதல் எழுத்து ‘ஜி’. நடுவில் வருவது ‘மஞ்சள்’, ‘பஞ்சு’ என்பவற்றில் ஒலிக்கும் அதே ‘ஞ்ச’. மூன்று அசை, அழுத்தம் முதல் அசையில். பிரிட்டிஷ் உச்சரிப்பில் ‘ர்’ கேட்காது, ‘ஜிஞ்சலி’ என்பதுபோல் ஒலிக்கும். அமெரிக்க உச்சரிப்பில் ‘ர்’ தெளிவாகக் கேட்கும்.

வாக்கியத்தில் எங்கே வைப்பது? ‘ஹி லிஃப்டட் ஜிஞ்சர்லி த லிட்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்.

குறைத்தது நியாயம்தான். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே இப்படிப்பட்ட வினையடை வரக் கூடாது. தமிழ்ப் பழக்கமே இந்தப் பிழைக்குக் காரணம். ‘மூடியை மெல்லத் தூக்கினான்’ என்னும்போது வினையடை வினையை ஒட்டியே நிற்கிறது. அதே நெருக்கத்தை ஆங்கிலத்திலும் காப்பாற்றப் பார்க்கிறோம்; மூடி தள்ளிப் போய்விடுகிறது.

சரியான இடங்கள் மூன்று. செயப்படுபொருளுக்குப் பின்னால் வைக்கலாம்: ‘ஹி லிஃப்டட் த லிட் ஜிஞ்சர்லி’. வினைக்கு முன்னால் வைக்கலாம்: ‘ஹி ஜிஞ்சர்லி லிஃப்டட் த லிட்’. வாக்கியத்தின் தலையில் காற்புள்ளியோடு வைக்கலாம்: ‘ஜிஞ்சர்லி, ஹி லிஃப்டட் த லிட்’. கடைசியில் வரும்போது அழுத்தம் அந்தச் சொல்லில் விழுகிறது. நடுவில் வரும்போது கதை தடையில்லாமல் ஓடுகிறது. தலையில் வைப்பது பரபரப்பான கட்டத்துக்கு மட்டும் போதும்.

துணைவினை இருந்தால் அதற்கும் முதன்மை வினைக்கும் நடுவில் போடுங்கள்: ‘ஹி ஹேட் ஜிஞ்சர்லி லிஃப்டட் த லிட்’. செயப்பாட்டுவினையிலும் இதே இடம்தான்: ‘த பாக்ஸ் வாஸ் ஜிஞ்சர்லி லோவர்ட்’. செயப்படுபொருள் இல்லாத வினைக்கு நேர் பின்னால் வரலாம். இடத்தைக் குறிக்கும் சொற்கள் அதற்கும் பின்னால் வரும்: ‘ஷி வாக்ட் ஜிஞ்சர்லி அக்ராஸ் த ஐஸ்’.

செயப்படுபொருள் நீளமாக இருந்தால் கடைசி இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். ‘ஹி ஓபன்ட் த லெட்டர் ஷி ஹேட் ஃபோல்டட் ஜிஞ்சர்லி’ என்று எழுதினால், பயந்து பயந்து கடிதத்தைப் பிரித்தது அவனா, மடித்தது அவளா என்று தெரியாது. அருகில் இருக்கும் வினையோடுதான் வாசகர் சேர்த்துப் படிப்பார். ‘ஹி ஜிஞ்சர்லி ஓபன்ட்’ என்று முன்னால் கொண்டுவந்தால் சிக்கல் தீர்ந்தது.

உடையக்கூடிய பொருள் உள்ள பெட்டியின் மேல் ‘ஹேண்டில் ஜிஞ்சர்லி’ என்று ஒட்டலாமா?

வேண்டாம். ‘ஹேண்டில் வித் கேர்’ என்பதே வழக்கு. ‘ஜிஞ்சர்லி’ பெரும்பாலும் ஒருவர் செய்ததைப் பார்த்து வருணிக்கும் சொல்; ஏவலில் அரிதாகவே வரும். கவனமாக இரு என்று ஒருவருக்குச் சொல்லலாம், பயத்தோடு செய் என்று சொல்வது பொருத்தமாக இராது. வண்டி ஓட்டப் போகிறவரிடம் ‘டிரைவ் கேர்ஃபுல்லி’ என்பதும் இதனால்தான். ஆனால் பழுதான பாலத்தின் மேல் அவர் ஓட்டிச் சென்றதை விவரிக்கும்போது ‘ஹி டிரோவ் ஜிஞ்சர்லி’ மிகச் சரியாக இருக்கும்.

இதே வாசகர் விடுப்புக் கடிதத்தில் ‘ஐ ஜிஞ்சர்லி ரிக்வெஸ்ட் யூ’ என்று எழுதலாமா என்றும் கேட்கிறார். கூடாது. பணிவு வேறு, அச்சம் வேறு. அங்கே ‘ஹம்ப்லி’ பழைய பாணி; ‘ஐ ரிக்வெஸ்ட் யூ’ என்று விட்டுவிடுவதே இன்று போதும்.

‘ஐ ஆம் ஃபீலிங் ஜிஞ்சர்லி’ சரியா?

மனநிலையைச் சொல்கிறீர்கள் என்றால் தவறு. ‘ஃபீல்’ என்பது அங்கே நிலையைக் குறிப்பதால் பெயரடையைக் கேட்கும்: ‘ஐ ஃபீல் நெர்வஸ்’. ஆனால் அதே ‘ஃபீல்’ தொட்டுப் பார்ப்பதைக் குறித்தால் முற்றிலும் சரி: ‘ஹி ஃபெல்ட் ஹிஸ் ஜா ஜிஞ்சர்லி’, தாடையை நோகாமல் தடவிப் பார்த்தான். அறிதல், நம்புதல், தூங்குதல், விரும்புதல் முதலிய வினைகளோடு இச்சொல் சேராது. நன்றாகச் சேருபவை நட, மிதி, உட்கார், எழு, ஏறு, இறங்கு, தூக்கு, தொடு, பிடி, திற, வை ஆகிய செயல்களைச் சொல்லும் ஆங்கில வினைகள். அவற்றுள் அடி வைப்பதைச் சொல்லும் ‘ட்ரெட்’ இதோடு அடிக்கடி ஜோடி சேரும்.

‘லி’யை நீக்கினால் ‘ஜிஞ்சர்’ பெயரடை ஆகிவிடுமா? ‘ஜிஞ்சர் ஸ்டெப்’ என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. ‘ஸ்லோ’விலிருந்து ‘ஸ்லோலி’ வந்ததுபோல் இதைப் பிரிக்க முடியாது. ‘ஜிஞ்சர்’ தனியாக நின்றால் இஞ்சி, அல்லது செம்பட்டை முடி. பெயரடை வேண்டும் என்றால் ‘ஜிஞ்சர்லி’ என்பதையே அப்படியே பயன்படுத்தலாம். ‘எ ஜிஞ்சர்லி ஸ்டெப்’, ‘இன் எ ஜிஞ்சர்லி மேனர்’ இரண்டுமே அகராதிகள் ஏற்கும் வழக்குகள். ஆனால் வினையடையாக வருவதே மிகுதி. ‘ஜிஞ்சர்லிலி’ என்று எதுவும் இல்லை. ஒப்பிட்டுச் சொல்ல ‘மோர் ஜிஞ்சர்லி’; அளவு கூட்ட ‘வெரி ஜிஞ்சர்லி’.

அப்படியானால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இஞ்சியோடு உறவே இல்லையா?

பொருளில் எந்த உறவும் தெரியவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் ஆங்கிலத்தில் தோன்றியபோது ‘நளினமாக’ என்ற பொருளில் இருந்தது. நடனத்திலும் நடையிலும் அடி வைக்கும் நேர்த்தியைச் சொன்னது. 1600-ஐ ஒட்டி ‘தொடப் பயந்து, மிகக் கவனமாக’ என்ற இன்றைய பொருளுக்கு நகர்ந்தது. நளினமாக அடி வைப்பவரும் பயந்து அடி வைப்பவரும் பார்வைக்கு ஒரே மாதிரி பாதத்தை மெல்லப் பதிப்பார்கள் என்பதை நினைத்தால் இந்த நகர்வு வியப்பாக இராது. மூலம், பழைய பிரெஞ்சில் ‘மென்மையான, நேர்த்தியான’ என்ற பொருளுடைய ‘ஜென்ட்’ என்ற சொல்லின் ஒப்புநிலை வடிவமாக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சொல்லும் ‘ஜென்டில்’ என்பதும் பிறப்பைக் குறிக்கும் லத்தீன் வேர் ஒன்றில் போய்ச் சேருகின்றன.

இஞ்சியைக் குறிக்கும் ‘ஜிஞ்சர்’ வந்த வழி வேறு, அது நமக்கு நெருக்கமானது. லத்தீனில் ‘ஸிங்கிபெர்’, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, அதற்கு முன் பிராகிருதம், பாலி, சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேரம்’. கொம்பு போன்ற வடிவம் என்று சமஸ்கிருதத்தில் இதற்கு விளக்கம் சொன்னாலும், ‘இஞ்சி வேர்’ என்ற திராவிடச் சொல்லே மூலம் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. ஆக, ‘ஜிஞ்சர்’ நம் வீட்டுச் சொல்லாக இருக்கலாம்; ‘ஜிஞ்சர்லி’ அப்படியல்ல.

‘ஜிஞ்சர் அப்’ என்ற வழக்கையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குதிரை துடிப்பாகத் தெரிவதற்காக அதன்மேல் இஞ்சியைப் பயன்படுத்திய பழைய வழக்கத்திலிருந்து வந்தது. ‘சுறுசுறுப்பூட்டு’ என்று பொருள். ‘ஜிஞ்சர்லி’ சொல்லும் தயக்கத்துக்கு நேர் எதிர்.

பேச்சுக்கும் அரசியலுக்கும்கூட இதைப் பயன்படுத்துகிறார்களே?

ஆம். சொத்துத் தகராறு உள்ள வீட்டில் உயில் பற்றிய பேச்சை எடுப்பது, ஆறாத புண்ணைத் தொடுவது போன்றதுதான். அதனால் ‘ஷி ஜிஞ்சர்லி ரெய்ஸ்ட் த ஸப்ஜெக்ட்’ என்கிறார்கள். தமிழில் ‘பட்டும் படாமலும் பேச்சை எடுத்தாள்’ என்றால் முடிந்தது. எல்லை, மொழி போன்ற விவகாரங்களை அரசு அணுகும் விதத்தைச் செய்தித்தாள்கள் ‘ட்ரெட் ஜிஞ்சர்லி’ என்று எழுதுவதும் இவ்வகை. உருவகமாக வந்தாலும், தொட்டால் வெடிக்கும் ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும். எளிய தகவலைக் கேட்பதற்கு இது ஆகாது.

ஆங்கில ஆசிரியர் நான். மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? ‘கேர்ஃபுல்லி’ என்றுதான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்.

பொருளை எழுதிப்போடாமல் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி ஒரு மாணவரை வகுப்பின் குறுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மற்றவர்கள் தாங்கள் பார்த்ததைத் தமிழில் ‘-ஆமல்’ வைத்து ஒரே வாக்கியமாகச் சொல்லட்டும்: ‘தண்ணீர் சிந்தாமல் நடந்தான்’. பிறகு அந்த ‘-ஆமல்’ பகுதியை எடுத்துவிட்டு ‘ஜிஞ்சர்லி’யை வைத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து அதே டம்ளரைக் காலியாகக் கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். இப்போது ‘ஜிஞ்சர்லி’ பொருந்துமா என்று கேட்டால் அவர்களே இல்லை என்பார்கள்.

அதன்பின் எழுத்துப் பயிற்சி. ஐந்து வாக்கியம் போதும். அவற்றில் இரண்டு பொருந்தாதவையாக இருக்கட்டும். முள்வேலியைத் தாண்டினார், காசோலையைச் சரிபார்த்தார், கட்டுப்போட்ட கையை நீட்டினார், பாடத்தைக் கேட்டார், உறங்கும் நாயைக் கடந்து போனார். இரண்டாவதிலும் நான்காவதிலும் ‘கேர்ஃபுல்லி’தான் வரும். சிலர் காசோலையை ‘ஜிஞ்சர்லி’ சரிபார்க்கலாம் என்று வாதிடுவார்கள். தொகை தவறிவிடுமோ என்ற பயம் இருக்கிறதே என்பார்கள். பயம் இருக்கிறது, ஆனால் கையின் விசை எங்கே குறைந்தது என்று கேளுங்கள். அந்தக் காசோலையே கிழிந்து நைந்த தாளாக இருந்து, அதை அவர் விரல் நுனியால் பிரிக்கிறார் என்றால் அப்போது ‘ஜிஞ்சர்லி’க்கு இடம் உண்டு. பிரிப்பதற்கு மட்டும், சரிபார்ப்பதற்கு அல்ல.